ஐந்து பொட்டலமும் ஒரு பாலைவனமும்

நகரியிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் ஏறி "குவைத் செங்கம்மா ஊடு" என்று சொன்னால் போதும், எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரே சொல்லிவிடுவார். அந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வந்த பெண்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் ஒருத்திக்கும் இப்படியொரு பட்டம் ஒட்டவில்லை. மற்றவர்கள் பணம் அனுப்பினார்கள். செங்கம்மா பணத்தோடு பாலைவனத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

கேசட்டில் அனுப்பினாள். தொண்ணூற்றாறில் அவள் வீட்டு வேலைக்குப் போனபோது ஊரில் போன் இல்லை. விடுப்பில் வருகிறவர் யார் கையிலாவது மூன்று மாதத்துக்கு ஒரு கேசட் வரும். அவள் கணவர் முனிசாமி நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். கேசட்டை நேரே தறிக்கொட்டகைக்கு எடுத்துப் போய்விடுவார். தறிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்காருவார்கள். "கல்பனா நைனாவுக்கு செங்கம்மா பேசறேன். நான் நல்லா கீறேன்" என்றுதான் ஒவ்வொரு கேசட்டும் ஆரம்பிக்கும். கணவரை அவள் மகள் கல்பனாவின் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம் மணல் மலை மலையாகக் குவிந்து கிடப்பது, காற்றடித்தால் அந்த மலை இடம் மாறிவிடுவது, உட்கார்ந்த ஒட்டகம் எழுந்திருக்க மனசில்லாமல் முனகுவது, விடியற்காலையில்கூட கால் வைத்தால் கொப்பளிக்கும் மணல் என்று அரை மணி நேரம் ஓடும். கேட்டதை முனிசாமி தன் பங்குக்கு இரண்டு ஒட்டகம் கூட்டி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். செங்கம்மா பாலைவனத்தைப் பார்த்ததே கிடையாது.

பதினோரு வருடத்தில் அவள் பார்த்தது ஒரு சமையல்கட்டு, ஒரு துணி துவைக்கும் அறை, துணி காயப்போடும் மொட்டைமாடி. மொட்டைமாடியிலிருந்து தெரிந்தது எதிர் வீட்டுச் சுவரும் அதன் தண்ணீர்த் தொட்டியும். குளிர்காலத்தில் அந்த வீட்டார் கூடாரம் அடித்துத் தங்கப் பாலைவனத்துக்குப் போவார்கள். படுக்கையில் கிடந்த பெரிய எஜமானியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே, அதனால் செங்கம்மா வீட்டிலேயே இருப்பாள். காரோட்டி கிருஷ்ணப்பா போவான். ராமகுப்பத்துக்காரன், நல்ல வாயாடி. திரும்பி வந்து சமையல்கட்டு வாசலில் செருப்பைத் தட்டி மணலை உதிர்த்துக்கொண்டே பார்த்ததையெல்லாம் சொல்வான். அதைத்தான் அவள் கேசட்டில் ஏற்றினாள். காலைக் கொப்பளிக்க வைத்த மணல் மட்டும் அவள் சொந்தச் சரக்கு. மொட்டைமாடித் தளம் சுட்டதை மணலுக்கு மாற்றிவிட்டாள்.

இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் பதினோரு வருடம் அந்தச் சமையல்கட்டில் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும். இரண்டாம் வருடம் ஒரே ஒரு கடிதத்தில் உண்மையை எழுதினாள், வெளியே தலைகாட்டவே முடியவில்லை என்று. அடுத்த தபாலில் பதில் வந்துவிட்டது: "நெலமும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீ வந்துடு." அந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதான், ஆளை அனுப்பியாவது கூட்டி வந்துவிடுவார். அவர்கள் இருவரின் பெற்றோரும் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை பிடுங்கிச் செத்தவர்கள். ஒரு துண்டு நிலமாவது வாங்காமல் வருவதில்லை என்று செங்கம்மாவுக்கு வைராக்கியம். அதனால் இப்போது வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று சமாளித்தாள்; அன்றிலிருந்து அவள் கேசட்டில் வெயிலும் ஒட்டகமும்தான். 2007இல் வந்தபோது அவர்கள் பெயரில் நிலக்கடலை போடும் ஒன்றரை ஏக்கர் மணிலாக் காடும் ஒரு போர்வெல்லும் இருந்தன.

அதோடு முடிந்திருக்கும். 2010இல் முனிசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒருநாள் மணிலா ஆய்ந்துகொண்டிருக்கும்போது, சாவதற்குள் அந்த மணலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். அவள் எந்த இடத்தில் நின்று பார்த்தாளோ அதே இடத்தில் அவரும் நிற்க வேண்டுமாம். செங்கம்மா வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் ஆசை இருந்தது. அவரைவிடப் பத்து மடங்கு இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு மாட்டிக்கொள்ளாமல் எப்படிப் பார்ப்பது என்பதே கவலையாகிவிட்டது. குவைத் என்றால் அந்த வீட்டைக் காட்ட வேண்டிவரும், குட்டு உடைந்துவிடும். கிருஷ்ணப்பா இப்போது ஓமானில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஓமானே போதும் என்று முடிவு செய்தாள்.

"அதே மணலுதான்யா. நம்ம காடும் பக்கத்துக் காடும் மாதிரி சேந்தாப்புல கெடக்குது" என்றாள். முனிசாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் பவன்குமார் என்கிற ஏஜெண்டு. இருவரும் உள்ளே நுழைந்ததும் வீட்டு வேலை வீசா பாரத்தைக் கையில் எடுத்துவிட்டான். வேலைக்கு இல்லை, சுற்றிப் பார்க்க என்று செங்கம்மா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர்களை ஒரு சுற்று பார்த்தான். அப்புறம் பாரத்தை மாற்றிக்கொண்டு பேக்கேஜ் சொன்னான்: உயரமான கட்டடம், நகைக்கடை வீதி, ஒரு மணி நேரம் ஜீப்பில் மணல், மணலிலேயே சாப்பாடு, சாப்பாட்டோடு டான்ஸ். முனிசாமிக்கு முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டதும் செங்கம்மா எழுந்துவிட்டாள். ஒரு மணி நேரம் மணலைப் பார்க்க ஒன்றரை ஏக்கரில் கால் பங்கை விற்க வேண்டியிருந்தது.

"அட்லைத்தே மீரே, நீங்களே பிளான் பண்ணிக்கினு வாங்கம்மா. டிக்கெட்டும் வீசாவும் மட்டும் நான் போட்டுத் தரேன்" என்றான் பவன்குமார். கேலியாகத்தான் சொன்னான். செங்கம்மா அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

மகள் கல்பனா திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். கூட்டமில்லாத நேரத்தில் லாட்ஜ் கம்ப்யூட்டரில் தேடி, குறைந்த செலவில் பாலைவனம் போய்வந்த வெள்ளைக்காரர்கள் எழுதியதைப் பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு சக்கரமும் இழுக்கும் கார் வாடகைக்கு வேண்டும். கூடாரம் வேண்டும். உள்ளே நுழைந்து படுக்கும் பை வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். இதற்குப் பெயர் குறைந்த செலவா என்று செங்கம்மாவுக்கு எரிச்சல் வந்தது. இவர்கள் எல்லாம் வீட்டில் என்னத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதே அவள் மனசில் வேறு பட்டியல் ஓடியது.

கூடாரத்துக்கு மணிலா காயப்போடும் தார்ப்பாய். படுக்கும் பையை முனிசாமியே தைத்தார். தறியில் கழித்த லுங்கித் துணியை இரண்டடுக்காக மடித்து, நடுவில் பழைய போர்வை வைத்து, கழுத்துக்கு நாடா போட்டார். மாட்டிக்கொண்டு நின்றபோது அவர் கட்டம் போட்ட தலையணை போலிருந்தார். சாப்பாட்டுக்குக் கேழ்வரகு மாவு, புளிக்காய்ச்சல், மணிலாப் பொடி. எல்லாவற்றையும் செங்கம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள்வாரியாக எழுதினாள். எங்கே தங்குவது என்ற பக்கம் மட்டும் காலியாகவே கிடந்தது.

கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று முனிசாமி பிடிவாதம் பிடித்தார். ஊருக்குக் கிழக்கே ஆறு வறண்டு மணலாகக் கிடக்கிறது. அங்கே தார்ப்பாயைக் கட்டி, பையில் புகுந்து படுத்து எழுந்தார்கள். விடிகாலையில் முனிசாமி வெறுங்காலோடு மணலில் இறங்கினார்.

"அங்கயும் இப்பிடித்தான் சில்லுன்னு இருக்குமா?" என்று கேட்டார்.

"அங்க எப்பிடிய்யா சில்லுன்னு இருக்கும்? உடியக்காலைல கூட காலு வெக்க முடியாது. கேசட்டுல சொல்லலியா?"

அவள் அதை அடித்துச் சொன்னாள். அதற்குள் தலையாரி வந்துவிட்டார். ஆற்றில் மணல் திருடுகிறவர்களைப் பிடிக்க வந்தவர், கூடாரக் குச்சி நட ஒரு மண்வெட்டியோடு வந்திருந்த தம்பதியைப் பிடித்துக்கொண்டார். பாலைவனத்துக்குப் போகப் பழகிக்கொள்கிறோம் என்று முனிசாமி விளக்கியதில் விஷயம் இன்னும் சிக்கலானது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சொன்ன பிறகே மண்வெட்டி திரும்பக் கிடைத்தது. அன்று மாலைக்குள் அவர்கள் பயணம் நகரி வரைக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. வளைகுடாவுக்கு யாராவது கிளம்பினால் அங்கே இருக்கும் தங்கள் ஆட்களுக்குச் சாமான் கொடுத்தனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். முன்கூட்டிக் கேட்பதும் இல்லை, வாங்க மறுப்பதும் இல்லை. வரலட்சுமி, மஸ்கட்டில் மெஸ் நடத்தும் தன் தம்பிக்கு ஆவக்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள், மூன்று கிலோ. கமலம்மா, நிஸ்வாவில் தையல் வேலை செய்யும் மகனுக்கு முறுக்கும் எள்ளடையும். சினாவ் என்ற ஊரில் காய்கறிக் கடையில் இருப்பவனுக்கு ஒரு பெட்டி மாத்திரை. சூர் துறைமுகத்தில் வெல்டராக இருப்பவனுக்கு அவன் தங்கை கல்யாணப் பத்திரிகையும் ஒரு பட்டுச் சட்டையும். கடைசியாக ராமகுப்பத்திலிருந்து இரண்டு ரெயில் மாறி கிருஷ்ணப்பாவின் மனைவி வெங்கடலட்சுமி ஒரு தூக்கு நிறைய நெய்யோடு வந்து நின்றாள்.

செங்கம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. விமானத்தில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. ஊர்க்காரர்களின் ஊறுகாய் போக அவர்கள் கூடாரத்துக்கே இடமில்லை. ஆனால் மறுக்க வாய் வரவில்லை. பதினோரு வருடம் யார் யாரோ சுமந்து வந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. திட்டிக்கொண்டே நோட்டை எடுத்து, யாருக்கு எங்கே கொடுக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தாள். கல்பனா கொடுத்த வரைபடத்தில் ஒவ்வொரு ஊராகத் தேடி, கண்டுபிடித்த இடத்தில் தன் நெற்றிப் பொட்டு அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள்.

ஐந்தாவது பொட்டை ஒட்டியதும் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் ஆரம்பித்து, மலையோரமாக நிஸ்வாவுக்குப் போய், சினாவ் வழியாகத் திரும்பி, சூரில் கடலைத் தொட்டு, மறுபடியும் மஸ்கட். நடுவில், மணல் தொடங்குகிற பிதியாவில் கிருஷ்ணப்பா. ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் பஸ்ஸோ பங்கு டாக்சியோ ஓடுகிறது. எந்தப் பொட்டிலும் ஊறுகாயைக் கொண்டுவந்து கொடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிட மாட்டார்கள்.

"கல்பனா நைனா, இங்க வந்து பாரு. நம்ம ஜனங்க ரோடே போட்டுக் குடுத்துட்டாங்க" என்றாள்.

காலியாக இருந்த பக்கம் பத்து நிமிடத்தில் நிரம்பியது. கூடாரத்தை எடுத்துவிட்டு அந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் மணிலாப் பொடி வைத்தாள். அன்று சாயங்காலம் தனியாகக் காட்டு வரப்புக்குப் போய் கிருஷ்ணப்பாவுக்கு போன் போட்டாள். பழைய கதை எதுவும் தன் கணவர் காதில் விழக்கூடாது என்றாள். கிருஷ்ணப்பா சத்தியம் செய்தான். சத்தியம் செய்யும்போதே சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

2011 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் சென்னை விமான நிலையத்தில் நின்றார்கள். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி அவளுடைய பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்றார். வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டித்துக் கூட்டி வந்திருந்த முனிசாமி, மணல் பார்க்கப் போகிறோம் என்று முந்திக்கொண்டார். செங்கம்மா நோட்டை நீட்டினாள். அதிகாரி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஊறுகாய்ப் பக்கம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் நிமிர்ந்து அவளைக் கேட்டார்.

"பதினோரு வருஷம் குவைத்துல இருந்திருக்கீங்க. இன்னும் மணல் பாக்கலியாம்மா?"

செங்கம்மா வாயைத் திறப்பதற்குள் முனிசாமி பெருமையாக முன்னால் வந்தார். "அவ நல்லா பாத்துட்டா சார். எனக்குக் காட்டத்தான் இட்டுக்கினு போறா" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். செங்கம்மா விமானம் ஏறும்வரை கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நம்புவது அவளுக்கு வலித்தது.

நோட்டில் எழுதியபடியே எல்லாம் நடந்தது. மஸ்கட்டில் வரலட்சுமியின் தம்பி ஊறுகாய் ஜாடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, மெஸ்ஸுக்கு மேலே இருந்த தன் அறையையே அவர்களுக்கு விட்டுக்கொடுத்தான். நிஸ்வாவில் கமலம்மாவின் மகன் தையல் மேசைகளை ஒதுக்கிப் படுக்கை போட்டான். லுங்கித் துணிப் பையைப் பார்த்துவிட்டு, யார் தைத்தது, தையல் கோணலாக இருக்கிறதே என்று பிரித்துத் திரும்பத் தைத்தான். சினாவ் சந்தையில் ஒட்டகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முனிசாமி நேராகப் போய் ஒன்றின் கழுத்தைத் தடவினார். செங்கம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இதெல்லாம் நிறையப் பார்த்தாகிவிட்டது என்றாள். ஒட்டகம் முனகியதும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பிதியாவில் கிருஷ்ணப்பா தலை நரைத்து, தொப்பை போட்டு, அதே வாயோடு இருந்தான். அன்று அவன் அறையிலேயே படுத்து எழுந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மணலுக்குள் கூடாரம் போட்டிருக்கும் பயணிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் அவன் வேலை. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முனிசாமி எதைக் கேட்டாலும் கிருஷ்ணப்பா, "அக்காவுக்குத் தெரியாததா, அக்காவையே கேளு அண்ணா" என்றான். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் செங்கம்மாவுக்கு வியர்த்தது. தார் ரோடு முடிந்தது. லாரி ஆடி ஆடிக் கொஞ்ச தூரம் போய் ஒரு கூடார வரிசைக்கு முன் நின்றது. தண்ணீர் இறக்க அரை மணி ஆகும், அதற்குள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கிருஷ்ணப்பா இறக்கிவிட்டான்.

சூரியன் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. எதிரே மணல் ஏறிக்கொண்டே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. கிருஷ்ணப்பா சொன்னதில் ஒன்றும் மிகையில்லை. செங்கம்மா எல்லாவற்றையும் மறந்தாள். செருப்பைக் கழற்றி வீசிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"அய்யோ, சில்லுன்னு கீதுய்யா. ஐஸு மாதிரி கீது" என்று கத்தினாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த முனிசாமி நின்றுவிட்டார். கத்தி முடித்த பிறகுதான் செங்கம்மாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. திரும்பினாள். அவர் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார். ஆற்றில் அவள் அடித்துச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"மே, இதான் மொதோ தபாவா?" என்று கேட்டார்.

அவள் மறைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சமையல்கட்டு, மொட்டைமாடி, கிருஷ்ணப்பாவின் செருப்பு மணல், எல்லாம். முனிசாமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"நான்தான் வந்துடுன்னு எழுதினேனே, செங்கம்மா."

"வந்துட்டிருந்தா காடு ஏதுய்யா?"

அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் வெட்கப்படவில்லை. பதினோரு வருடம் தன்னைச் சந்தோஷமாக வைத்திருக்க ஒருத்தி நாலு சுவருக்குள் நின்று மணலைக் கற்பனை செய்திருக்கிறாள். அதைத் தறிக்கொட்டகையில் போட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறோம் என்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கல்பனா சொல்லிக்கொடுத்தபடி எதையோ அழுத்தி, அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"அப்ப அவன் பாத்தத சொன்ன. இப்ப நீ பாத்து நீ சொல்லு" என்றார்.

செங்கம்மா மணலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கீழே கிருஷ்ணப்பா ஹாரன் அடித்தான். செங்கம்மா போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கல்பனா நைனாவுக்கு செங்கம்மா பேசறேன். நான் நல்லா கீறேன். மணலு சில்லுன்னு கீது. நீயும் பக்கத்துல கீற."